ஏரிக்குள் வாடகை

விடிந்ததும் பாயைச் சுருட்டப்போன அருள்மேரி, சின்னவள்தான் நனைத்துவிட்டாள் என்று நினைத்து அவள் தொடையில் மெதுவாக ஒன்று வைத்தாள். புஷ்பம் தூக்கத்திலேயே சிணுங்கிப் புரண்டாள். அவள் பாவாடை காய்ந்துதான் இருந்தது. பாயின் அடிப்பக்கம் மட்டும் சொதசொதவென்றிருந்தது. குனிந்து பார்த்தால், அடுப்பு மூலையில் தரை வெடித்திருந்த இடத்தில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"இந்தா, எழுந்திரு. ஏரி உள்ள வந்துட்ச்சு," என்று புருஷனை உலுக்கினாள்.

சின்னப்பன் எழுந்து உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தான். பீடிக் கட்டைத் தேடி எடுத்து, அது நமுத்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

செம்பாக்கம் ஏரியின் உள்வாயில் இருந்தது அந்த வீடு. கோடையில் வந்து பார்க்கிறவர்கள் அதை ஏரி என்று சொல்லமாட்டார்கள். வேலிக்காத்தான் புதரும் வெடித்த களிமண்ணும் மேய்கிற மாடுகளும்தான் கண்ணில் படும். வேதாசலம் அங்கே நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு ரூம் கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். செங்கல்லுக்கு நடுவில் சிமெண்டு கிடையாது. ஏரி மண்ணையே குழைத்து வைத்து, வெளியே மட்டும் ஒரு பூச்சு. பட்டா இல்லை, கரண்டு இல்லை, கக்கூஸ் இல்லை. அதனால்தான் வாடகை எழுபது ரூபாய். எண்பத்தைந்தாம் வருஷத்தில் தாம்பரத்தைச் சுற்றி அந்தத் தொகைக்குக் கதவு வைத்த வீடு வேறு எங்கும் கிடையாது. அருள்மேரிக்கு அது நன்றாகத் தெரியும், தேடிப் பார்த்தவள்.

கஞ்சி கொதிப்பதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. சின்னப்பன் வெளியே கிடந்த உடைசல் செங்கல்லைப் பொறுக்கி வந்து கயிற்றுக் கட்டிலை அதன்மேல் ஏற்றினான். அரிசி டின், ஸ்டவ், துணி மூட்டை, மூத்தவள் பேபியின் பள்ளிக்கூடப் பை, வேளாங்கண்ணி மாதா படம் எல்லாம் கட்டிலுக்குப் போயின. பக்கத்து ரூமில் பாட்சாவின் குரல் கேட்டது. அவனும் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். பாட்சா தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் தையல்காரன். ராத்திரி வீட்டிலும் தைப்பதற்குக் காலால் மிதிக்கிற மிஷின் ஒன்று வைத்திருந்தான். அவன் பெண்சாதி குல்ஷன். மூன்றும் பெண் குழந்தைகள்.

"பஞ்சாயத்து ஸ்கூல தெறந்து வுட்டுட்டாங்களாம். பாட்சா வூட்ல கெளம்பிட்டாங்க. நாமளும் போயிடலாம்மே," என்றான் சின்னப்பன்.

"நீ புள்ளைங்கள இட்டுக்கினு போ. நான் வர்ல."

"இன்னா, வெளாட்றியா?"

"தாவீது அண்ணன் வூட்ல இன்னா ஆச்சுன்னு மறந்துட்டியா?"

சின்னப்பன் மறக்கவில்லை. போன வருஷம் இதே ஐப்பசியில் பக்கத்து ரூமில் தாவீது குடியிருந்தான். தண்ணீர் வந்தபோது வேதாசலமே வந்து, "செவுரு வுழுந்துடும், புள்ளகுட்டிய இட்டுக்கினு மேட்டுக்குப் போ, வடிஞ்சதும் வந்துக்கலாம்" என்று அக்கறையாகச் சொன்னார். நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் கதவில் வேறு பூட்டு. உள்ளே நூறு ரூபாய் வாடகை பேசி வந்த பாட்சா வீட்டுச் சாமான்கள். தாவீது கையைக் காலைப் பிடித்துப் பார்த்தான். கொடுத்திருந்த அட்வான்ஸ் சுவரைச் சரிபண்ணுவதற்கே சரியாகிவிட்டது என்றார் வேதாசலம். தாவீதின் குடும்பம் ஸ்டேஷன் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்று சொன்னார்கள். பிறகு அதுவும் சொல்லவில்லை.

இந்த ஆடியில் அருள்மேரி வீட்டு முறை வந்தது. வேதாசலம் காலி பண்ணச் சொன்னார். அவளும் சின்னப்பனும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடு தேடக் கிளம்புவார்கள். சேலையூரில் ஒருவர் கேட்டைத் திறக்காமலே, என்ன வேலை என்று கேட்டார். திரிசூலம் குவாரியில் லாரிக்கு ஜல்லி ஏற்றுகிற வேலை என்றான் சின்னப்பன். "அப்போ மாசச் சம்பளம் கிடையாது. மழை வந்தா வாடகை எப்படி வரும்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். குவாரிப் பள்ளம் நிறைந்தால் லாரி வராது, லாரி வராவிட்டால் கூலி கிடையாது. காமராஜபுரத்தில் ஒரு வீட்டுச் சுவரோடு ஒட்டிய சாய்ப்பு கிடைத்தது, ஆனால் பத்து மாச அட்வான்ஸ் கேட்டார்கள். மேடவாக்கத்தில் வயலுக்கு நடுவே மலிவாக ஒரு ரூம் இருந்தது. அங்கே போனால் சேலையூரில் அவள் பாத்திரம் தேய்க்கிற இரண்டு வீடும் போய்விடும், அவனுக்கும் பஸ்ஸுக்கே பாதிக் கூலி அழ வேண்டும். திரும்பி வரும்போது தாம்பரம் ரோட்டில் ஒரு டீ வாங்கி இரண்டு பேரும் குடித்தார்கள். அன்றைக்குத்தான் அவள் முடிவு பண்ணிக்கொண்டாள், இந்த ரூமை விடக்கூடாது என்று.

"பாம்பு வரும்மே," என்றான் சின்னப்பன்.

"வந்தா வர்ட்டும். அதுவும் வூடில்லாமத்தான வருது."

அவன் சின்னவளைத் தோளில் ஏற்றி, பேபியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். பேபி பத்து வயசுப் பெண். முழங்கால் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

அருள்மேரி கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருப்பது அத்தனை கஷ்டம் என்று அதற்கு முன் அவளுக்குத் தெரியாது. விடிந்தால் ஓடுகிறவள், படுத்தால் தூங்கிப்போகிறவள். இப்போது முட்டி மரத்துப்போயிற்று. ஆஸ்பெஸ்டாஸில் மழை விழுகிற சத்தத்தில் காது அடைத்துக்கொண்டது. தண்ணீரில் முதலில் தேங்காய் நாரும் செருப்பும் மிதந்து வந்தன. அப்புறம் பூரான்கள். நீளமான தண்ணீர்ப்பாம்பு ஒன்று வாசலில் நுழைந்து, அடுப்பைச் சுற்றிவிட்டு, தனக்கு வேண்டியது எதுவும் இல்லை என்பது போல வெளியே போயிற்று.

மறுநாள் மத்தியானம் குல்ஷன் தலையில் தூக்குச் சட்டியை வைத்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் வந்தாள்.

"இன்னாக்கா, உசுரோட கீறியா?"

"கீறேன், கீறேன். ஏண்டி இந்தத் தண்ணில வந்த? அவரு எடுத்தாந்திருப்பாரே."

"அண்ணன் எங்க வரும்? லாரி ஆபீசாண்ட போய் ஒக்காந்துகினு கீது, ஏதாச்சி வேல கெடைக்குமான்னு. சாப்டு. சாம்பார் சோறு. உப்பு கெடையாது. பஞ்சாயத்துல அவ்ளோதான் போட்டாங்க."

அருள்மேரி தூக்கிலேயே கைவிட்டு அள்ளித் தின்றாள். குல்ஷன் தண்ணீரில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய போறதுக்கு இன்னாக்கா பண்ற?"

"இருட்டட்டும்னு கெடக்கறேன். வவுறு வலிக்குது."

"வா, நான் நிக்கறேன்."

குல்ஷன் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, வேலிக்காத்தான் மறைவில் அருள்மேரி தண்ணீரில் இறங்கினாள். இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் அவள் அப்போதுதான் சிரித்தாள்.

போகும்போது குல்ஷன் தன் ரூம் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் பாத்துக்கோக்கா. மிஷினு உள்ள கீது. நடுப்புள்ளைக்கு ஜுரம், இல்லன்னா நானும் உன்ன மாரி ஒக்காந்திருப்பேன்."

"நான் இங்கதான கீறேன். போ."

சாயங்காலத்துக்கு முன்னால் வேதாசலம் வந்தார். கோணிப்பையைக் கொங்காணி போட்டுக்கொண்டு, தடியால் ஆழம் பார்த்துப் பார்த்து வாசலுக்கு வந்து நின்றார். ஏரிக்கரையில் அவர் வீட்டுத் தொழுவத்திலும் தண்ணீர். மாடுகளை மேட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்திருந்தார்.

"மேரி, வெளிய வா."

"எதுக்குண்ணா?"

"பின்செவுரு ஊறிப்போச்சு. நான் வெச்ச செவுரு, எனுக்குத் தெரியாதா? எந்நேரமும் வுழுந்துடும்."

"வுழுந்தா வுழட்டும். உங்க செவுருதான."

"உன் மேல வுழுந்தா?"

"தாவீது அண்ணனுக்கும் இத்தயேதான் சொன்னீங்க."

வேதாசலம் தடியைத் தண்ணீரில் குத்தினார். மழை கோணிப்பை முனையிலிருந்து அவர் மூக்கில் சொட்டியது.

"நான் இன்னா மாடி மேல மாடி கட்டிக்கினா கீறேன்? ரெண்டு ரூமு. அதுவும் எப்ப கவர்மெண்டு வந்து இடிப்பான்னு தெரியாது. பொண்ணு மூணு மாசமா வூட்டோட வந்து கீறா, மோட்டார் சைக்கிள் வாங்கிக் குடுத்தாத்தான் இட்டுக்கினு போவானாம் மாப்ள. எழுவது ரூபாய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு."

"எனுக்கு இன்னாண்ணா தெரியும்."

"சாவறதுன்னா என் வூட்ல சாவாத. போலீசு என்னத்தான் புடிக்கும்," என்றார். திரும்பி நாலடி போனவர் நின்று, "நடுச்செவுரு பக்கம் ஒக்காராத. அந்தப் பக்கம்தான் எறக்கம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயமுறுத்துகிறார் என்றுதான் அருள்மேரி நினைத்தாள். ஆனாலும் அவர் தலை மறைந்ததும் தண்ணீரில் இறங்கி, கட்டிலை ஒரு காலாக நகர்த்தி நகர்த்தி, செங்கல்லை அடியில் தடவி வைத்து, வாசல் பக்கமாகக் கொண்டுவந்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பெரிய மூட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்ட மாதிரி ஒரு சத்தம். கட்டில் ஆடியது. கணத்தில் தண்ணீர் ஒரு சாண் ஏறி அவள் தொடையை நனைத்துவிட்டு இறங்கியது. நடுச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்ததே தவிர, சுவர் நின்றது. அருள்மேரி வெளியே ஓடிவந்து பார்த்தாள். குல்ஷன் ரூமின் பின்சுவரும் பக்கச்சுவரும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் மண்மேல் சரிந்து கிடந்தன. பூட்டுப் போட்ட கதவு மட்டும் நிலையோடு நின்றுகொண்டிருந்தது.

தகவல் போய், சின்னப்பனும் பாட்சாவும் வந்தார்கள். இரண்டு பேரும் மண்ணைக் கையால் தோண்டி மிஷினை வெளியே எடுத்தார்கள். தலை உடைந்து, சக்கரம் வளைந்திருந்தது. பாட்சா அழவில்லை. சக்கரத்தில் கையை வைத்து ஒருதரம் சுற்றப் பார்த்தான். சுற்றவில்லை. மறுபடியும் பார்த்தான். சின்னப்பன்தான், "வுடுண்ணா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று கையைப் பிடித்து எடுத்தான்.

அதற்கு மேல் மழை பெரிதாக இல்லை. நாலு நாளில் தண்ணீர் வந்த மாதிரியே சத்தமில்லாமல் இறங்கியது. தரையில் விரல் நீளத்துக்குச் சேறு நின்றது. அருள்மேரியும் பேபியும் உடைந்த தட்டால் வழித்து வழித்துக் கொட்டினார்கள். சேற்றில் நத்தைகள், ஒரு செத்த எலி, யாருடையதோ ஒரு பொம்மைக் கை. நாற்றம் போக அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, வாசலில் வேதாசலம் நின்றார்.

"நின்னுட்ச்சு உன் ரூமு," என்றார்.

"நிக்காம?"

"பாட்சா வந்தான் என்னாண்ட. இந்த ரூமக் கேக்கறான். நூத்தி இருவது தரேன்றான். பல்லாவரத்துல அவன் மச்சான் கீறானே, அவன் அட்வான்சு குடுக்கறானாம்."

அருள்மேரிக்கு முதலில் புரியவில்லை. "அந்த ரூமு?"

"அத்த எடுத்துக் கட்ட தை தாண்டும். மண்ணு காய வாணாமா? துட்டுக்கு எங்க போறது?"

"நான் உள்ளயே கெடந்தேனேண்ணா. வெளிய கால் வெக்கலியே."

"கெடந்த. நான் இல்லன்னா சொன்னேன்? உன்ன ஒண்ணும் வெளிய தள்ளல. நூத்தி இருவது நீ குடு, நீயே இரு. நாளைக்குள்ள சொல்லு."

கைச் சேற்றைக்கூடக் கழுவாமல் அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அங்கே வராந்தாவில் குல்ஷன் உட்கார்ந்து, ஜுரத்தில் கிடந்த நடுப்பெண்ணின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அருள்மேரியைப் பார்த்ததும் அவள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"பாட்சா அண்ணன் கேட்டுதா குல்ஷா?"

"நான்தான்க்கா கேக்கச் சொன்னேன்."

"நீ சோறு எடுத்தாந்தியேடி எனுக்கு."

"எடுத்தாந்தேன். அதுவும் நெசம், இதுவும் நெசம். நான் இன்னாக்கா பண்ணட்டும்? நாளைக்கு ஸ்கூல் தெறக்குறாங்க, எல்லாரும் போங்கன்ட்டாங்க. ரெண்டு நாளா மனுஷன் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூரு, கேம்ப் ரோடுன்னு சுத்திட்டு வந்தாரு. வூடு கீதுன்றாங்க. பேரு இன்னான்றாங்க. சொன்னா, 'இப்பதான் ஒருத்தருக்கு சொல்லிட்டோம்'ன்றாங்க. வேதாசலம் ஒருத்தருதான் பேரு கேக்கல. துட்டு மட்டும் கேக்கறாரு."

அருள்மேரி தூணில் சாய்ந்து நின்றாள். குல்ஷன் துணியைப் பிழிந்து மறுபடி நெற்றியில் போட்டாள்.

"அக்கா, ரெண்டு வூடும் சேந்து இருந்துக்கினா? நடுவுல ஒரு பொடவயக் கட்டிக்கலாம். வாடகய பாதிப் பாதி."

அருள்மேரிக்கு வாய்வரை வந்துவிட்டது, சரி என்று. அந்தப் பத்தடி ரூமையும் ஒன்பது பேரையும் மனசுக்குள் படுக்கவைத்துப் பார்த்தாள். வேதாசலம் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒத்துக்கொண்டாலும் அடுத்த ஆடியில் இன்னும் பத்து ரூபாய் ஏற்றுவார், அப்போது இரண்டில் ஒரு குடும்பம் கொடுக்கும், ஒரு குடும்பத்தால் முடியாது. தையல் தெரிந்தவன் எப்படியும் கொடுத்துவிடுவான். முடியாதது ஜல்லி ஏற்றுகிறவன் குடும்பமாகத்தான் இருக்கும்.

"எங்க வூட்டுக்காரராண்ட கேக்கறேன்," என்று மட்டும் சொன்னாள். குல்ஷன் தலையை ஆட்டினாள். கேட்கமாட்டாள் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

விளக்கு வைத்த பிறகு சின்னப்பன் வந்தான். குவாரியில் பள்ளம் வடிய இன்னும் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்பது ரூபா கூட. நம்மளால ஆவாதும்மே. வுட்டுடலாம்."

"வுட்டுட்டு?"

சின்னப்பன் நடுச்சுவர் விரிசலில் விரலை ஓட்டினான். பேபி மூலையில் உட்கார்ந்து, சேறு படிந்த புத்தகத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்குச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வேல செய்யற சேலையூரு டீச்சரம்மா கொழந்தயப் பாத்துக்க ஒரு பொண்ணு கேட்டாங்க," என்றாள் அருள்மேரி. "மூணு வேள சோறு போட்டு அம்பது ரூபா. மொத மாசத்த முன்னாடியே தரேன்னாங்க."

"யார அனுப்புவ?"

அவள் பார்வை மூலைக்குப் போயிற்று. சின்னப்பன் பேபியைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

"அஞ்சாவது படிக்கிறா அது."

"எனுக்குத் தெரியாதா?"

"ஏழு நாள் தண்ணில ஒக்காந்தது இதுக்குத்தானா?"

"வேற எதுக்கு ஒக்காந்தேன்? எனுக்கு வேற வழி சொல்லு, நான் கேக்கறேன். எனுக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லு."

பேபி தாளைப் பிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "அவங்க வூட்ல டிவி கீதாம்மா?" என்று கேட்டாள்.

சின்னப்பன் எழுந்து வெளியே போய்விட்டான். இருட்டில், இடிந்த ரூமின் மண்குவியல்மேல் அவன் உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்து தெரிந்தது. அருள்மேரி கூப்பிடவில்லை. "கீதும்மா. கலர் டிவி," என்று பேபியிடம் சொன்னாள். கலர் டிவிதானா என்று அவளுக்குத் தெரியாது.

காலையில் அவள் பேபிக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னி, சேலையூருக்கு அழைத்துப்போய் விட்டாள். பணத்தை வாங்கிக்கொண்டு எங்கும் நிற்காமல் நேராக ஏரிக்கரைக்கு வந்தாள். வேதாசலம் பால் கறந்துகொண்டிருந்தார். செம்பை இடது கையில் பிடித்தபடி வலது கையால் நோட்டை வாங்கி, மடித்து இடுப்பில் செருகினார். "பாட்சாவுக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார். அவர் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் பாட்சா ஒரு மீன்பாடி வண்டி கொண்டுவந்தான். பல்லாவரத்தில் மச்சான் வேலை செய்கிற தோல் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை காலியாக இருந்ததாம். ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தால் இருந்துகொள்ளலாமாம். ஊறின தோலை இழுத்துப் போடுகிற வேலை. "தைக்கற கைதான, பழகிடும்," என்று சின்னப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னப்பன் வண்டியில் சாமான் ஏற்றக் கூடமாட நின்றான். மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது குறைவுதான். ஒரு டிரங்குப் பெட்டி, நசுங்கிய டேக்சாப் பாத்திரம், மிஷினின் இரும்புக் கால்கள்.

அருள்மேரி தன் வாசலிலேயே நின்றாள். போய் உதவி செய்யவும் முடியவில்லை, உள்ளே போய் உட்காரவும் முடியவில்லை. குல்ஷன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜுரக்காரியை வண்டியில் துணி மூட்டைக்கு நடுவே உட்காரவைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

அப்போது தூறல் பிடித்தது. கடைக்குட்டி நூரு, நாலு வயசு, எப்போதும் ஓடிவருகிற மாதிரி ஓடிவந்து அருள்மேரி வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

"பெரிம்மா, மழ பெய்து."

அருள்மேரியின் கை தானாக எழுந்து நிலைச் சட்டத்தில் குறுக்கே நின்றது. குழந்தை அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். குழந்தை உள்ளே வந்தால், அவளைக் கூப்பிட அம்மா வருவாள். மழை பலத்தால் மூத்த பெண்ணும் வருவாள், ஜுரக்காரியை எங்கே விடுவது என்று அவளையும் தூக்கி வருவார்கள். வந்து உட்கார்ந்துவிட்டால் அவர்களை எப்படி எழுப்புவது? உள்ளே உட்கார்ந்திருப்பவளை யாராலும் எழுப்ப முடியாது என்பது அந்த ஏரிக்குள் அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்?

"நூரு, இங்க வா," என்றாள் குல்ஷன். வண்டிக்கு அருகில் நின்றபடி அந்தக் கையை அவளும் பார்த்துவிட்டிருந்தாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "அங்க போவாத. அவங்க வூடு ஈரமாய்டும்."

குழந்தை படியிலிருந்து காலை எடுத்தாள். ஆனால் அம்மாவிடமும் போகாமல் இரண்டுக்கும் நடுவே தூறலில் நின்றாள். தலைமுடியில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் சேர்ந்தது.

அருள்மேரி கையை இறக்கினாள். திரும்பி, கதவை இழுத்துச் சாத்தி, வெளியே நாதாங்கி போட்டாள். பிறகு படியிறங்கிப் போய், முந்தானையை விரித்து நூருவின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்சாவும் சின்னப்பனும் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடிகிறவரை மழை விடவில்லை. அருள்மேரியும் அங்கிருந்து நகரவில்லை.